நான் தேர்ந்தெடுத்த இசைக்கலவைப் பெட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கடற்கரையில் பிறந்தவனுக்கு அலையோசையே முதல் தாலாட்டு என்று எழுதுவார்கள். என் தாலாட்டு அதுவன்று. எங்கள் வீட்டு முற்றத்துத் தென்னையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிதான் என்னைத் தூங்க வைத்தது. காலையில் எழுப்பியதும் அதுவே. என் தாய்மாமன் ஊரில் மைக் செட் வைத்திருப்பவர். வாடகைக்குப் போகாத நாட்களில், 'குழாய் வேலை செய்கிறதா' என்று பார்க்கும் சாக்கில், எங்கள் தெருவுக்கே இலவசமாகப் பாட்டுப் போடுவார். அந்த மாமாவுக்காகச் சென்ற ஆண்டு நான் ஒரு மிக்ஸர் தேர்ந்தெடுத்த கதையை இம்மலரில் எழுதத் துணிகிறேன். மிக்ஸர் என்றதும் காராசேவையும் ஓமப்பொடியையும் நினைத்துக்கொள்ளும் விடுதி நண்பர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது இரண்டு பாட்டுகளையும் ஒரு குரலையும் ஒன்றாகக் கலந்து தரும் மின்னணுப் பெட்டி.

எங்கள் ஊர் புன்னைக்காயல். பொருநை என்று புலவர்கள் பாடிய தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவே நாங்கள். ஒரு காலத்தில் முத்துக்குளிக்கும் துறைகளுள் ஒன்று. 'அடியார் வரலாறு' என்னும் தமிழ் நூல் 1586-இல் எங்கள் ஊரில்தான் அச்சானதாக ஆய்வாளர் கூறுவர். அதை எழுதிய அண்டிரிக் அடிகளார் போர்ச்சுகலிலிருந்து வந்து, மீனவர் வாயால் தமிழ் கற்றவர். உலகத்துக்குப் புதிதான ஓர் இயந்திரம் நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கு முன்பே எங்கள் மணலுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ஊரில், எங்கள் குடும்பத்தில், கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயவைத்து விற்பவர். 'முதல் பட்டதாரி' என்று தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

மாமா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். பன்னிரண்டு வயதில், 1979-இல், ஒரு சவுண்டு சர்வீஸ்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். அப்போது இசைத்தட்டுக் காலம். தட்டின் மேல் ஊசியை வைக்கும் உரிமை முதலாளிக்கு மட்டுமே. மாமாவுக்குத் தட்டைத் துடைக்கும் உரிமை. பிறகு கேசட் வந்தது; குறுந்தகடு வந்தது; கட்டைவிரல் அளவு பென் டிரைவ் வந்தது; கடைசியில் எல்லாம் செல்போனுக்குள் அடங்கிவிட்டன. பாட்டு வரும் வாய் மாறிக்கொண்டே இருந்ததே தவிர, அந்தப் பாட்டை வாங்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும் மிக்ஸர் மட்டும் மாமாவிடம் இருபது ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்தது. எழுத்துகள் தேய்ந்து போன அந்தப் பெட்டியில் எந்தக் குமிழ் எதற்கு என்று மாமாவின் விரலுக்கு மட்டுமே தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆறு கரை மீறியது. மேற்கேயிருந்து வந்த வெள்ளமெல்லாம் கடலுக்குப் போகும் வாசல் எங்கள் ஊர். வாசலில் குடியிருப்பவன் கதி என்னவாகும்? மாமாவின் சாமான் அறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு ஆம்ப்ளிபயர்கள், நான்கு பெட்டி ஒலிபெருக்கிகள், அந்தப் பழைய மிக்ஸர் எல்லாம் சேற்றில் ஊறின. பரணில் கிடந்த ஓர் ஆம்ப்ளிபயரும், வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாய்களும் தப்பின. மிக்ஸரைப் பிரித்து வெயிலில் வைத்தோம். மூன்றாம் நாள் அதன் உள்ளே பச்சை பூத்துவிட்டது. மாமா அதைத் தூக்கி எறியவில்லை; துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

அதன்பின் மாமா, செல்போனில் ஒரு வயரைச் செருகி, அதை நேராக ஆம்ப்ளிபயரில் மாட்டிப் பாட்டுப் போடத் தொடங்கினார். தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு சடங்கு வீட்டில் பாட்டுப் போட்டால் மேளமும் வயலினும் நன்றாகக் கேட்கின்றன; பாடகரின் குரலை மட்டும் காணோம்! "ஏல மருமவனே, போன் பாட்டுக்காரர முழுங்கிட்டுல" என்றார் மாமா. கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கரும்பலகையில் இரண்டு அலைகளை வரைந்தார். போனிலிருந்து இடது, வலது என இரண்டு ஒலிகள் வருகின்றன. மைக்குக்கு உரிய சமநிலைத் துளையோ இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது சுழி. வாத்தியங்கள் இரு பக்கமும் வெவ்வேறாக இருப்பதால் தப்பிவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் 'அழிக்கும் குறுக்கீட்டு விளைவு' என்று மனப்பாடம் செய்தது எங்கள் ஊர்ச் சடங்கு வீட்டில் நடந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் இரண்டாவது நிகழ்ச்சி வேடிக்கையானதன்று. 2024-இல் ஒரு கல்யாண வீடு. பெண்ணழைப்பு முடிந்து பந்தலில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். பாட்டு நடுவே நின்றது. குழாயில் தொலைபேசி மணி அலறியது. மாமா பதற்றத்தில் அதை நிறுத்துவதாக நினைத்துப் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டார். "ரெண்டு மாசத் தவணை பாக்கி நிக்கிது. எப்பக் கெட்டப் போறீங்க?" என்ற குரல் நான்கு குழாய்களிலும் கடற்கரை வரைக்கும் கேட்டது. வெள்ளத்துக்குப் பின் பெட்டி ஒலிபெருக்கிகள் வாங்க மாமா கடன் எடுத்திருந்தார். பந்தலில் சிலர் சிரித்தார்கள். மாமா வயரைப் பிடுங்கினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அன்றிரவு மாமா சாப்பிட வந்தபோது, "போதும். செட்ட வித்துட்டு, மச்சான்கூட வள்ளத்துல ஏறிர்றேன்" என்றார். ஐம்பத்தேழு வயதில் அவர் கடலுக்குப் போவதாவது! அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "சிம்மு இல்லாத பழைய போன்ல பாட்டு போட்டா எவன் கூப்புடுவான்? இதுக்குப் போயி தொழில விடுவாங்களாக்கும்" என்றார். செலவில்லாத தீர்வு! பி.எஸ்சி. படிக்கும் எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் மாமாவின் கவலை அழைப்பு மணி மட்டுமன்று. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பள்ளம் விழுகிறது. ஆடுகிற இளைஞர்கள் கலைந்து போகிறார்கள். பாட்டு ஓடும்போது மைக்கில் பேச வழியில்லை. நகரத்திலிருந்து பெரிய பெட்டிகளோடும் வண்ண விளக்குகளோடும் 'டி.ஜே.' வருகிறார்கள், ஊர்க் கல்யாணங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் போகின்றன. "நீ படிச்சவன். இந்தக் காலத்துச் சாமான் எது நல்லதுன்னு பாத்து வாங்கு" என்று மாமா என் கையில் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார். அதில் ஐயாயிரம் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன்.

நண்பர்களே, 'படிச்சவன்' என்ற ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று அன்றுதான் உணர்ந்தேன். நான் படித்ததோ மூன்றாம் பருவம். மிக்ஸர் என்பதை அதுவரை மாமாவின் விரல்கள் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆயினும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் வரலாற்றைப் படித்தேன். 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டார் கூல் ஹெர்க் என்ற இளைஞர். ஆடுகிறவர்கள் பாட்டின் எந்த இடத்தில் துள்ளுகிறார்கள் என்று அவர் கவனித்தார். பாடல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் அது. ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் தொடங்கி, சில நொடித் தாளத்தைப் பல நிமிடமாக நீட்டும் முறையை அவர் கையாண்டார். இன்று உலகெங்கும் ஒலிக்கும் ஹிப் ஹாப் இசையின் பிறப்பை அந்த விருந்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். அவர் பிறந்தது ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் நகரம். அங்கே பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கிப் பாட்டுப் போட்டு, நடுநடுவே மைக்கில் பேசும் 'சவுண்ட் சிஸ்டம்' என்ற தொழில் உண்டு. இதை மாமாவிடம் சொன்னேன். "கடக்கரை ஊரா? அப்ப நம்மள மாதிரி ஆளுதாம்ல" என்றார். அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பின் சிரிப்பைப் பார்த்தேன்.

வரலாறு படித்தவன் சந்தையையும் படித்திருக்க வேண்டும், அவசரப்பட்டேன். இணையத்தில் ஒரு பழைய மிக்ஸர் விற்பனைக்கு வந்திருந்தது. சிறிய இசைக்கருவிகள் இரண்டை அதன் தலையிலேயே செருகிக்கொள்ளலாம்; பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். நடுவே நீல விளக்கு. விலை ஆறாயிரம். வெளிநாட்டில் எவ்வளவு விற்றது தெரியுமா என்று விற்றவர் சொன்னதும் மயங்கிவிட்டேன். பணம் அனுப்பினேன், பெட்டி வந்தது. அம்மா, அப்பா, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்க அதைத் திறந்தேன். எங்கள் வீட்டிலிருந்த எந்தப் போனும் அதில் செருகவில்லை.

பிறகுதான் விளங்கியது. 2001-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்து, பாக்கெட்டுக்குள் ஆயிரம் பாட்டுகள் அடங்கியபோது, அதைச் செருகிப் பயன்படுத்தும் இப்படிப்பட்ட மிக்ஸர்களும் தோன்றின. பின்னர் வந்த ஐபாட்களின் அடியில் முப்பது முனைகள் கொண்ட ஒரு செருகி இருந்தது. 2012-இல் அந்நிறுவனம் செருகியை மாற்றியது. 2022-இல் ஐபாட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஒரே கருவியை நம்பிப் பிறந்த மிக்ஸர் அந்தக் கருவியோடு உடன்கட்டை ஏறியது. பெட்டியின் பின்பக்கம் சாதாரண வயர் செருக இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் ஒன்று இறந்து கிடந்தது. விற்றவரின் எண் அதன்பின் எடுக்கப்படவே இல்லை.

ஆறாயிரம் ரூபாய்! எங்கள் அம்மா எத்தனை கூடை கருவாடு சுமந்தால் ஆறாயிரம்? நான் இரண்டு நாள் வீட்டில் தலைகாட்டவில்லை. படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை மாமா தேடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"வாங்குறதுக்கு முன்ன எங்கிட்ட ஏன் கேக்கல?"

நான் பேசவில்லை.

"எனக்கு என்ன தெரியும்னு நெனச்ச. அப்படித்தான?"

உண்மை அதுதான். அதை மாமாவின் வாயால் கேட்டபோது ஆறாயிரம் போனதைவிட அதிகமாக வலித்தது. பிறகு அவரே சொன்னார்: "பார்ல வலை கிழிஞ்சா ஒங்கப்பன் அடுத்த நாள் போவானா போவ மாட்டானா? பார் எங்க கெடக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவான். மிச்சம் ஒம்பதாயிரம் இருக்குல்ல?"

அன்றிரவு மாமாவும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் தாத்தா முத்துச் சலாபங்களைப் பற்றிச் சொன்ன ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். எடுத்த முத்துகளைக் கண்ணால் பார்த்து மட்டும் தரம் பிரிக்க மாட்டார்கள். வெவ்வேறு அளவுத் துளைகள் உள்ள பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பார்கள். நிறமும் ஒளியும் பார்ப்பது அதன் பிறகுதான். நானோ நீல விளக்கின் ஒளியை முதலில் பார்த்தவன்! எனவே எங்கள் நோட்டில் சல்லடைகளை எழுதினோம்.

முதல் சல்லடை, மின்சாரம். "கரண்டு போனா?" என்பதே மாமாவின் முதல் கேள்வி. வெள்ளத்தின்போது இருட்டில் கிடந்த ஊர் எங்களுடையது. பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபயர் மாமாவிடம் உண்டு. மிக்ஸரும் பேட்டரியில் ஓட வேண்டும். இங்கேதான் என் படிப்பு முதன்முதலாகப் பயன்பட்டது. மிக்ஸரோடு வரும் அடாப்டரின் வயிற்றில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். சில மிக்ஸர்களுக்கு அடாப்டரிலிருந்து வெளிவருவதே மாறுதிசை மின்னோட்டமாக இருக்கிறது. அவற்றைப் பேட்டரியில் நேராக ஓட்ட முடியாது. நேர்திசை மின்னோட்டம், 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் என்று இருந்தால்தான் நமக்கு ஆகும். அப்போதும் பேட்டரியின் மின்னழுத்தம் சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தொடும். நடுவே ஓர் அழுத்தச் சீராக்கி வைக்க வேண்டும். செருகியின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உள்வழி. எந்தப் போனையும் எந்தப் பழைய கருவியையும் சாதாரண வயரால் மாட்ட முடிய வேண்டும். 'இந்தக் கருவிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. இதே காரணத்தால் இன்று பரவலாக விற்கும் இன்னொரு வகையையும் தள்ளினோம். இரண்டு வட்டத் தட்டுகள் உள்ள அழகான பலகை அது. ஆனால் அது தனியே ஒன்றும் செய்யாது. போனிலோ கணினியிலோ உள்ள ஒரு செயலியை ஆட்டுவிக்கும் கைப்பிடி மட்டுமே. போன் பழையதாகிவிட்டால், செயலியை அந்நிறுவனம் மாற்றிவிட்டால், பலகை பலகையாகவே நிற்கும். நல்ல கணினி உள்ளவர்களுக்கு அது நல்ல சாமான். எங்களிடம் இருப்பதோ கண்ணாடி கீறிய இரண்டு போன்கள்.

மூன்றாவது, முன்கேட்பு. ஒரு பாட்டு வெளியே ஒலிக்கும்போது, அடுத்த பாட்டைத் தலையணியில் தனியே கேட்டுத் தயார் செய்யும் வசதி இது. இசைக்கலவைப் பெட்டியின் உயிர்நிலை என்றே இதைச் சொல்லலாம். இதற்கு வயர் உள்ள தலையணியே வேண்டும். புளூடூத் தலையணியில் ஒலி நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள பாட்டில் தட்டுக்குத் தட்டு இடைவெளியே அரை நொடிதான், அதில் 0.2 நொடி பிந்தினால் தாளம் நொண்டும்.

நான்காவது, மைக்கும் வெளிவழியும். மைக் தரும் அழுத்தம் சில மில்லிவோல்ட்; வீட்டுக் கருவிகளின் அளவு ஏறத்தாழ 0.3 வோல்ட், மேடைக் கருவிகளின் அளவு 1.23 வோல்ட். மூன்றையும் ஒன்றாக்கும் பெருக்கக் குமிழ் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக வேண்டும். வெளியே போகும்போது இடதும் வலதும் முறையாகக் கூட்டப்பட வேண்டும். இல்லையேல் மறுபடியும் பாட்டுக்காரரை முழுங்கிவிடும்.

ஐந்தாவது சல்லடை முழுவதும் மாமாவுடையது. "இருட்டுல கை வச்சா எது என்னன்னு தெரியணும். உப்புக்காத்துக்கு நிக்கணும். திருகாணியக் கழத்துனா உள்ள பாக்க முடியணும்." மேலும் கீழும் நகரும் தள்ளுகோல்களில் பிளவு வழியே உப்பும் மணலும் இறங்கும், சில மாதங்களில் 'கரகர' என்று உறுமும். எனவே தள்ளுகோல் குறைவாகவும் திருகு குமிழ் அதிகமாகவும் உள்ளதே எங்கள் கரைக்கு ஏற்றது. ஒட்டிய பெட்டி வேண்டாம். திருகிய பெட்டி வேண்டும். எந்த விளம்பரத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டு அனுபவம் சொன்னது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். கையில் எங்கள் பழைய ஆம்ப்ளிபயர், ஒரு மைக், இரண்டு போன்கள், வயர்கள். முதல் இரண்டு கடைகளில் பிரித்துக் காட்டவே மறுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் மாமா ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். நான்கு பெட்டிகளைச் சோதித்தோம். ஒன்று முதல் சல்லடையிலேயே விழுந்தது. அதன் அடாப்டர் மாறுதிசை. ஒன்றில் மைக் திறந்ததும் இரைச்சல். ஒன்றில் குறுக்குத் தள்ளுகோலை ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்கு நகர்த்தும்போது நடுவில் சத்தம் குழி விழுந்தது. இரண்டு வேறு வேறு பாட்டுகளைச் சேர்க்கும்போது அவற்றின் திறன்கள்தாம் கூடும். எனவே நடுவில் ஒவ்வொன்றின் அழுத்தமும் பாதியாகிவிட்டால் மொத்தத் திறன் பாதிதான் மிஞ்சும். ஏறத்தாழ 70 விழுக்காட்டு அழுத்தத்தில் நின்றால்தான் சத்தம் சமமாக இருக்கும். இதை நான் கணக்குப் போட்டுக் காட்டுமுன்பே மாமா கண்ணை மூடிக்கொண்டு, "இதுல பள்ளம் இருக்குல. வேண்டாம்" என்றுவிட்டார்!

நான்காவது பெட்டி கறுப்பு நிறம். நீல விளக்கெல்லாம் இல்லை. ஒரு முழ நீளம்கூட இல்லை. இரண்டு பாட்டு வழி, ஒரு மைக் வழி, முன்கேட்பு, 12 வோல்ட் நேர்திசை. அடியில் எட்டுத் திருகாணி. விலை எட்டாயிரத்து நானூறு. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், சொல்லாமல் விடுகிறேன். மாமா கண்ணை மூடி அதன் மேல் ஒருமுறை கையை ஓட்டினார், பிறகு தலையசைத்தார். மீதி அறுநூறில் பஸ் கட்டணம் போக, அம்மாவுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கினோம்.

அதை முதன்முதலில் வைத்தது எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பாட்டு என் போனிலும் அம்மா சொன்ன சிம் இல்லாத பழைய போனிலும். மாமாவின் போன் அவர் சட்டைப் பையில். நான் தலையணியோடு அடுத்த பாட்டைக் கேட்பேன். மாமா கையைத் தூக்கியதும் திருகுவேன். இரண்டு பாட்டுக்கு நடுவே பள்ளம் விழவில்லை. பையன்கள் கலையவில்லை. மாமா மைக்கில் பேசும்போது பாட்டு தானே தாழ்ந்து, அவர் முடித்ததும் தானே எழுந்தது. "மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வரவும்" என்ற சாதாரண அறிவிப்பை அன்று அவர் நாலு முறை சொன்னார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

இரவு ஒன்பதரைக்கு மாமாவின் சட்டைப் பை ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்; என்னையும் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "நாளைக்குக் கெட்டிர்றேன்னு சொல்லிட்டேன். இன்னிக்கி வாடகை இருக்குல்ல" என்றார். வேறு யார் காதிலும் அது விழவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையன்கள் இன்னும் ஒரு பாட்டு என்று கத்தினார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆனால் மாமா விதியைச் சொல்லவில்லை. மூன்றாம் வீட்டைக் காட்டினார். அங்கே பாட்டி ஒருவர் படுக்கையாய்க் கிடக்கிறார். "நிறுத்தாத. கொறச்சிக்கிட்டே போ. நின்னது தெரியப்படாது" என்றார். நான் குமிழை மெல்ல மெல்லத் திருகினேன். பாட்டு சிறுத்துச் சிறுத்து, கடைசியில் அலையோசை மட்டும் மிஞ்சியது. அது அங்கேயே இருந்திருக்கிறது!

மாணவத் தோழர்களே, இக்கல்லூரியில் நம்மில் பலர் முதல் பட்டதாரிகள். எந்தப் பாடத்தை எடுப்பது, அதன் பிறகு எங்கே போவது என்று கேட்க வீட்டில் ஆளில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான், பட்டியலில் பெயர் வந்த பாடத்தில் சேர்ந்தேன். நீல விளக்கைப் பார்த்துப் பெட்டி வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டில் ஆளில்லை என்பது முழு உண்மையன்று. அவர்களுக்குப் பாடத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம்; 'கரண்டு போனா என்ன செய்வ' என்று கேட்கத் தெரியும். அந்தக் கேள்வியை என் படிப்பிடமும் இப்போது கேட்டுப் பார்க்கிறேன். அடுத்த ஆண்டு இறுதித் தேர்வு. அதன் பிறகு எம்.எஸ்சி.யா, பி.எட்.டா, வேலையா? மாமாவோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். சல்லடைகள் இன்னும் எழுதப்படவில்லை. முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.

நீலவிளக்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளத்தில் செத்த பழைய மிக்ஸருக்குப் பக்கத்தில், அதே பரணில், மாமா அதையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.